கோதையாற்று வழியில் ஒரு நாள்: திற்பரப்பா, மாத்தூரா, தேங்காப்பட்டணமா?

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முதல் நாளில் குழப்பமே கிடையாது. சூரிய உதயம், படகு, விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், பகவதியம்மன் கோயில், சங்குக் கடை. எல்லாம் நடந்தே முடித்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில்தான் கேள்வி வரும். கையில் ஒரு நாள் இருக்கிறது, வண்டி இருக்கிறது, எங்கே போவது? கடலைப் பார்த்தாயிற்று, ஆற்றுப் பக்கம் போவோம் என்று யாராவது சொல்வார்கள். உடனே ஓட்டல்காரர், ஆட்டோக்காரர், நாகர்கோவிலில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: திற்பரப்பு.

தப்பில்லை. ஆனால் எல்லா மாதத்துக்கும் எல்லாருக்கும் அது சரியான பதில் இல்லை. மேற்கு மலையில் இறங்கி, திற்பரப்பு, திருவட்டாறு, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிற கோதையாற்றின் கரையில் பார்க்க வேண்டிய இடங்கள் குறைந்தது ஐந்து உண்டு. ஐந்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள் கடைசியில் பார்ப்பது மார்த்தாண்டம் போக்குவரத்து நெரிசலைத்தான். இரண்டு இடம் நிதானமாக, மனசிருந்தால் சாயங்காலம் மூன்றாவது ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

எந்த இரண்டு என்று முடிவு செய்ய, கிளம்புகிற அன்று காலைப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தைப் பாருங்கள். குமரி மாவட்டப் பதிப்பு எதுவானாலும் ஒரு மூலையில் அணைகளின் நீர்மட்டம் போட்டிருப்பார்கள்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். விவசாயிகளுக்காகப் போடுகிற பட்டியல் அது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இந்த மாவட்டத்தில் இல்லை என்பேன். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சிற்றாறு இரண்டுக்கும் தலா 18. பேச்சிப்பாறை நாற்பதுகளின் நடுவில் நிற்கிறது, மழையும் பெய்கிறது, மறுகால் (அணையில் மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வழி) திறந்திருக்கிறது என்று செய்தி இருந்தால் அன்றைக்குத் திற்பரப்பில் குளிக்க முடியாது. பக்கத்திலேயே ‘அருவியில் குளிக்கத் தடை’ என்றும் போட்டிருப்பார்கள். மாறாக ஏப்ரல் மாதம், அணையில் தண்ணீர் கீழே கிடக்கிறது என்றால் அருவியும் மெலிந்திருக்கும்.

இந்த ஆற்றில் எல்லாமே அணை சொல்கிறபடிதான். பேச்சிப்பாறை கோதையாற்றின் குறுக்கே நிற்கிறது. 1906-இல் கட்டி முடித்தது, திருவிதாங்கூரில் மூலம் திருநாள் காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. பெருஞ்சாணி பறளியாற்றின் குறுக்கே. இரண்டு ஆறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, அதற்கப்புறம் குழித்துறை தாமிரபரணி என்ற பெயரில் ஓடுகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு; கூகுளில் தேடி இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கான கணக்கு அது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கால்வாய்கள் வறண்டு கிடக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது சுலபம்.

சரி, முதலில் திற்பரப்பு. நாகர்கோவிலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். தக்கலை, அழகியமண்டபம், வேர்கிளம்பி, திருவட்டாறு, குலசேகரம் என்று போனால் வழி முழுக்க ரப்பர் தோட்டம். அருவியின் உயரம் ஏறக்குறைய ஐம்பது அடிதான். குற்றாலத்துப் பேரருவியை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பார்த்தவுடன் சின்னதாகத் தெரியும். ஆனால் அதன் அழகு உயரத்தில் இல்லை, அகலத்தில். மேலே ஆற்றுப்படுகை முழுக்க ஒரே பாறை. அந்தப் பாறை முடிகிற இடத்தில் தண்ணீர் பல கிளையாகப் பிரிந்து விழுகிறது. அதனால் ஒரே நேரத்தில் நிறையப் பேர் நின்று குளிக்கலாம். குழந்தைகளுக்கு நீச்சல் குளம் ஒன்று உண்டு. அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு விடுகிறார்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும், இரண்டு பக்கமும் தென்னை, கூட்டத்தின் சத்தம் பின்னால் போய்விடும். அருவியில் குளிக்க இஷ்டமில்லாத பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் படகுக்கு அனுப்பலாம். கரையிலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு ‘கோவிந்தா கோபாலா’ என்று ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது கோயில். முதல் கோயில் முஞ்சிறை திருமலை. இரண்டாவது திக்குறிச்சி, இதே ஆறு கீழே இறங்கித் தாமிரபரணி ஆன பிறகு அதன் கரையில் இருப்பது. சிவராத்திரிக்கு முந்தின நாளும் அன்றும் இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவது உங்களுக்கும் கஷ்டம், ஓடுகிறவர்களுக்கும் கஷ்டம். அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

திற்பரப்பின் குறையையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் அருவியடியில் நிற்க இடம் கிடைக்காது. சபரிமலை சீசனில் பஸ் பஸ்ஸாக ஐயப்ப பக்தர்கள் இறங்குவார்கள். பாறை வழுக்கும், ஈரத் துணியோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் நமக்குப் பதறும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால், 2021 நவம்பரில் ஆனது மாதிரி, அருவி என்று தனியாக ஒன்று தெரியாது. கலங்கல் தண்ணீர் மட்டும் பாறை, கம்பி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஓடும். எனவே திற்பரப்புக்கு நல்ல காலம் என்று என்னைக் கேட்டால், ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு சாரல் காலம், அப்புறம் மழை அடங்கிய டிசம்பர் கடைசியும் ஜனவரியும். வார நாள், காலை ஒன்பது மணிக்கு முன்னால். குளிக்க வந்தவர்களுக்கு இது முதல் இடம். வெறுமனே பார்க்க வந்தவர்களுக்கு அரை மணி நேரத்து இடம். அந்த அரை மணிக்காகக் குலசேகரம் தாண்டி வர வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கதை வேறு. யாராவது என்னிடம் ஒரே ஒரு இடம் சொல்லு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பறளியாற்றின் இரு கரையிலும் குன்றுகள். ஒரு குன்றில் வருகிற பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர் எதிர்க் குன்றுக்குப் போய், விளவங்கோடு, கல்குளம் தாலுகா வயல்களுக்குப் பாய வேண்டும். நடுவில் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. தண்ணீரை ஆற்றுக்கு மேலேயே ஒரு தொட்டியில் நடத்திக் கூட்டிப்போக முடிவு செய்தார்கள். 28 தூண்கள், உயரமான தூண் 115 அடி. மேலே ஏழு அடி ஆழமும் ஏழரை அடி அகலமும் உள்ள கான்கிரீட் தொட்டி. காமராஜர் ஆட்சிக் காலத்துத் திட்டம், 1966-இல் முடிந்தது, அன்றைய செலவு 12.90 லட்ச ரூபாய். இன்று அந்தப் பணத்துக்கு நாகர்கோவில் டவுனில் ஒரு சென்ட் மனை கிடைத்தால் பெரிய விஷயம்.

வண்டி பாலத்தின் மேல்மட்டம் வரைக்கும் வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. முட்டிவலி உள்ள அம்மாவும் படி ஏறாமல் பாலத்தின் மேல் நடக்கலாம். தொட்டியின் மேல்பகுதியை ஓரளவுக்குச் சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள், அதுதான் நடைபாதை. ஆள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டியிருக்கும். சிலாப்புக்குப் பக்கத்திலேயே திறந்த தொட்டி, கால்மாட்டில் தண்ணீர் சத்தம் இல்லாமல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ரப்பர் இலையும் தேங்காய் மட்டையும் மிதந்து வந்து நம்மைத் தாண்டி முன்னே போகும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் தென்னைமரத்தின் தலை நமக்குக் கீழே இருக்கிறது. குலையை மேலிருந்து பார்க்கலாம். அதற்கும் கீழே பாறைக்கு நடுவே பறளியாறு. துணி துவைக்கிறவர்களின் அடி கண்ணுக்குத் தெரிந்து, சற்றுக் கழித்துத்தான் காதுக்கு வரும். தலைக்குமேல் வானம், காலடியில் ஒரு தண்ணீர், அதற்கு நூறடி கீழே இன்னொரு தண்ணீர், இரண்டும் வேறு வேறு திசையில். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த இடத்தில் அவர்களைக் கிளப்புவதுதான் சிரமம்.

அப்புறம் கீழே இறங்க வேண்டும். படிகள் நிறைய, இறங்கும்போது தெரியாது, ஏறும்போது தெரியும். ஆனால் பாலத்தின் உயரம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் விளங்கும். சில தூண்கள் ஆற்றுப் பாறையிலேயே நிற்கின்றன. வயதானவர்கள் மேலேயே இருக்கட்டும், பிள்ளைகளும் பெரியவர் ஒருவரும் கீழே போய் வரட்டும். மேலே நிற்கிறவர்கள் கை அசைத்தால் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியும், அதுவே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

‘ஆசியாவிலேயே பெரியது’ என்று ஊரில் சொல்வார்கள், வீடியோ போடுகிறவர்களும் சொல்வார்கள். அந்தப் பட்டம் இல்லாமலேயே இந்தப் பாலம் பார்க்கத் தகுந்ததுதான், அதனால் அதை அப்படியே விட்டுவிடுவோம். குறை என்று பார்த்தால் மூன்று. மார்ச்சிலிருந்து மே வரை தொட்டி பெரும்பாலும் காலி, அப்போது போனால் பாலம் இருக்கும், பாதி வேடிக்கை இருக்காது. நடுப்பகலில் மேலே நிழலே கிடையாது. உயரம் என்றால் தலைசுற்றும் என்பவர்கள் பாலத்தின் நடுவரை வந்து திணறுவதைவிட முதல் சில தூண்களோடு திரும்பிவிடுவது நல்லது. கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள் சிலர். அவர்களுக்கு என்ன சொல்ல?

மழை நாளிலும் மாத்தூர் கெடுவதில்லை என்பதுதான் திற்பரப்போடு ஒப்பிடும்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மறுகால் திறந்து அருவியில் தடை போட்ட நாளில்கூட, மழை ஓய்ந்த இடைவெளியில் பாலத்தில் நின்று சிவப்புத் தண்ணீர் தூணைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஈரத் துணி மாற்றுகிற வேலை இல்லை. நனையாமல் ஆற்றைப் பார்க்க இதைவிட இடம் இல்லை. ஒன்றே கால் மணி நேரம் போதும்.

இங்கிருந்து திருவட்டாறு மூன்று கிலோமீட்டர் அளவில். அதனால்தான் மாத்தூரையும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் நான் ஒரே ஜோடியாகப் பார்க்கிறேன். ஆனால் வரிசை முக்கியம்: கோயில் முதலில், பாலம் பிறகு. கேரள முறைப் பூஜை நடக்கிற கோயில், உச்சிக்கு முன்பே நடை அடைத்துவிடுவார்கள், சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள். காலை திற்பரப்பில் குளித்துவிட்டு, சாவகாசமாகக் குலசேகரத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் வந்து நின்று ‘அடைச்சாச்சா?’ என்று கேட்கிறவர்கள் தினமும் உண்டு. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், ஒரு வேட்டி வண்டியில் இருக்கட்டும்.

நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. ஆறு மூன்று பக்கமும் வளைந்து போக, நடுவில் மேட்டில் இருக்கிறது கோயில். படியேறிப் போனால் வெளிப்பிராகாரத்தில் வரிசையாகக் கல்தூண்கள், தூணுக்குத் தூண் விளக்கேந்திய பாவை. ஒருத்தியின் முகம் இன்னொருத்திக்கு இல்லை. கொண்டை மாறும், நகை மாறும். ஒற்றைக்கல் மண்டபம், மரவேலை எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை. உள்ளே பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார், கடுசர்க்கரை யோகம் என்கிற மூலிகை, பிசின் கலவையில் செய்த திருமேனி, உள்ளே பதினாறாயிரத்தெட்டு சாளக்கிராமம் என்பது வழிவழியாகச் சொல்வது. ஒரே வாசலில் முழு உருவமும் தெரியாது, மூன்று வாசல் வழியாகத் தலை, நடு, திருவடி என்று நகர்ந்துதான் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அதே கோலத்தைக் கூட்டத்தில் தள்ளுமுள்ளில் பார்த்தவர்களுக்கு இங்கே கிடைக்கிற நிதானம் பெரிசு. நானூறு ஆண்டுக்கும் மேல் நடக்காமல் இருந்த கும்பாபிஷேகம் 2022 ஜூலை 6-ஆம் தேதி நடந்தது. அதற்கப்புறம் வெளியூர்க் கூட்டம் கூடியிருக்கிறது, ஆனாலும் வார நாளில் நெரிசல் என்று சொல்ல மாட்டேன். கோயிலில் ஆர்வம் இல்லாதவர்கள்கூடச் சிற்பத்துக்காக வரலாம். கோயிலுக்குள் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் இது ஏமாற்றம்.

சிதறால் ஆற்றங்கரையில் இல்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டு மேலே இருக்கிறது. மலைக்கோயில் என்றால்தான் ஊரில் வழி சொல்வார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில். ஒன்பதாம் நூற்றாண்டில் சமண முனிவர்கள் இருந்த இடம், ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு உண்டு. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சிங்கத்தோடு அம்பிகை. பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறியிருக்கிறது. அடிவாரத்திலிருந்து கல் பதித்த பாதையில் ஏற வேண்டும், முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும். ஏறி முடித்துக் குகைக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தால் தென்னந்தோப்புக்கு நடுவே ஆறு துண்டு துண்டாகத் தெரியும். குகையில் சுனை ஒன்று உண்டு. மேலே கடை எதுவும் இல்லை, தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய்க் காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். வயதானவர்களுக்கு இது ஒத்துவராது, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கும். ஆனால் கால் நன்றாக இருக்கிற நாலு நண்பர்கள் வந்தால், திற்பரப்பை விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு இங்கே ஏறச் சொல்வேன். வெயில் ஏறியபின் வேண்டாம். தொல்லியல் துறையின் இடம், சாயங்காலம் சீக்கிரமே இறக்கிவிடுவார்கள்.

குழித்துறையை யாரும் சுற்றுலா இடமாகச் சொல்வதில்லை, சாதாரண நாளில் நானும் சொல்ல மாட்டேன். பாலத்தின் மேல் போகும்போது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தால் போதும். ஆடி மாதம் மட்டும் விதிவிலக்கு. ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலிதர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூடும், அதை ஒட்டி நகராட்சி நடத்துகிற வாவுபலிப் பொருட்காட்சி பல நாள் நடக்கும். ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, பாத்திரக்கடை எல்லாம் எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் உள்ளதுதான். வாவுபலிக்கு ஆள் போவது மரக்கன்று வாங்க. மா, பலா, கிராம்பு, ஜாதிக்காய், ரம்புட்டான் என்று வரிசையாக வைத்திருப்பார்கள், விலை பேசிக் குறைக்கலாம். காரில் பின்சீட்டில் பலாக்கன்றை மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி வரை போன உறவினர்கள் எனக்கு உண்டு. ஜூலை பிற்பகுதி, ஆகஸ்டில் வருகிறவர்கள் தேதி விசாரித்துக்கொண்டு சாயங்காலத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குத் தேங்காப்பட்டணம். ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரம், அந்தப் பக்கம் இரயுமன்துறை, நடுவில் பாலம். பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி நின்றால் ஒரு கைப்பக்கம் காயல், தென்னை, மறு கைப்பக்கம் துறைமுகத்துப் படகுகள், அதற்கப்பால் கடல். இது மேற்குக் கடற்கரை, ஆகவே சூரியன் கடலுக்குள்தான் விழும். கன்னியாகுமரியில் மேகம் மறைத்துவிட்டது என்று வருத்தப்பட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. கேரளக் கரையில் இஸ்லாத்தைப் பரப்பியவராகச் சொல்லப்படும் மாலிக் தீனார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பழைய பள்ளிவாசல் இங்கே உண்டு. ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயின் மிச்சத்தையும் பார்க்கலாம்: 1860-இல் திருவிதாங்கூர் அரசர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மா தொடங்கியது, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குத் தோணியிலேயே வர வேண்டும் என்ற எண்ணம், மண்டைக்காட்டோடு நின்றுபோனது. அது முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே படகுப் பயணம் பற்றியதாக இருந்திருக்கும். இப்போது பல இடங்களில் பாசி மூடி, குப்பை நிரம்பி, கால்வாய் என்று சொன்னால்தான் தெரியும்.

முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். அலையும் ஆற்று நீரோட்டமும் மணல்திட்டும் சேர்ந்த இடம். பழக்கப்பட்ட மீனவர்களின் படகுகளே துறைமுக வாயிலில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அலை வாங்கிய இரயுமன்துறைக் கரையைப் பார்த்தாலே கடலின் பலம் புரியும். மீன் ஏலம் பார்க்க ஆசை என்றால் படகு வருகிற நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கே வேலை நடக்கிறது, நாம் குறுக்கே நின்று செல்ஃபி எடுத்தால் ‘கொஞ்சம் மாறி நில்லுங்க மக்களே’ என்ற குரல் வரும், மாறி நிற்க வேண்டியதுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. திற்பரப்பு வாசலில் சாப்பிடுவதைவிடக் குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ சாப்பிடுவது மேல். சம்பா அரிசிச் சோறு, அவியல், புளிச்சேரி, மீன்குழம்பு. சில கடைகளில் மத்தியானமே மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும். வழியில் மட்டிப்பழம் என்கிற வாழைப்பழம் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மார்த்தாண்டம் தேனும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் ஊருக்குக் கொண்டுபோக.

ஆக, யாருக்கு எது? ஜூன் முதல் பிப்ரவரி வரை எந்த மாதம் வந்தாலும், பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்த குடும்பத்துக்கு என் சிபாரிசு திருவட்டாறு கோயில், மாத்தூர், மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் தேங்காப்பட்டணம். குளித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், பத்திரிகையில் தடை இல்லையென்று பார்த்துவிட்டு, அதிகாலையில் திற்பரப்பு, அங்கிருந்து நேரே மாத்தூர். கோயிலை விட்டுவிடுங்கள், அல்லது நடை திறக்கிற சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்துத் தேங்காப்பட்டணத்தை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். மார்ச் முதல் மே வரை வருகிறவர்களுக்கு ஆற்றில் சுவாரஸ்யம் குறைவு. அப்போது காலையில் சிதறால், பிறகு வெயில் நேரத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. அது ஆற்றங்கரை இல்லைதான், தக்கலைக்குப் பக்கம், ஆனால் மரக்கட்டடத்துக்குள் வெயில் தெரியாது. கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள்.

வண்டி இல்லாமல் பஸ்ஸில் போகிறவர்கள் நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் குலசேகரம் பஸ் ஏறினால் திருவட்டாறு வழியிலேயே வரும். மாத்தூருக்குத் திருவட்டாறிலிருந்து ஆட்டோ பிடிப்பது சுலபம், போகும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பஸ்ஸில் ஒரே நாளில் இரண்டு இடம் என்பதே அதிகபட்சம்.

கன்னியாகுமரியை விட்டு இவ்வளவு தூரம் வர முடியாது, மத்தியானம் ரயில் இருக்கிறது என்பவர்களுக்கு வேறு ஆறு இருக்கிறது: பழையாறு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் பதினெட்டடி அனுமாரையும் இசைத்தூண்களையும் பார்த்துவிட்டு, தேரூர்ப் பக்கம் குளத்தில் பறவைகள் இறங்கியிருந்தால் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, மணக்குடிக்குப் போனால் பழையாறு கடலில் சேர்கிற காயல். 2004 சுனாமியில் அங்கிருந்த பாலம் அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது புதிது. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் சேர்ந்து 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் பறவைகள் நிறைய இருக்கும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் ஓட்டலுக்குத் திரும்பிப் பெட்டி கட்டிவிடலாம்.